பெரியவரின் ஆள்

இலங்கையில் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்த நாங்கள், வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். அடுத்த ஆண்டு கனடா அரசாங்கம் உளவு வேலையைப் பொலிசிடமிருந்து எடுத்து, புதிதாகத் தொடங்கிய நிறுவனத்திடம் கொடுத்தது. அதன் முதல் தலைவரை ரீவியில் காட்டினார்கள். உளவுக்காரர் என்றால் எப்படியோ இருப்பார் என்று நினைத்திருந்த எனக்கு, கந்தோரில் கோப்புப் புரட்டும் சாதாரண மனிதராகத்தான் தெரிந்தார்.

ஒரு மத்தியானம் அந்த நிறுவனத்து அலுவலர் ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். ஊர்ச் சண்டைக்கு இங்கே யார் காசு சேர்க்கிறார்கள் என்று விசாரித்தார். என் கணவர் தெரியாது என்றார், உண்மையிலேயே தெரியாது. வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப எனக்கு வராது. தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்தேன். மனிதர் எங்களைப் பார்த்துத் தானும் சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்திருந்தார். அந்தப் பளபளத்த சப்பாத்தை அவ்வழியே போன தமிழர் எல்லாரும் பார்த்தார்கள்; வந்தவர் எந்த நிறுவனத்து ஆள் என்பதும் பரவிவிட்டது.

போதாதா? ரீவியில் வந்த அந்தத் தலைவரைப் ‘பெரியவர்’ ஆக்கி, கணவருக்குப் ‘பெரியவரின் ஆள்’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

“உங்கட பெரியவர் நேற்று ரீவியில வடிவாக் கதைச்சார் அண்ணை” என்பார் மேல்மாடிக்காரர் ஒருவர். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

கதை கடல் தாண்டியது. யாழ்ப்பாணத்தில் இருந்த கணவரின் தம்பியை, “உன்ர அண்ணன் கனடாவில காட்டிக் குடுக்கிறானாம்” என்று சொல்லித் துவக்குத் தூக்கிய இயக்கக்காரர் விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். கணவரின் தாயான மாமி போனில் அழுதபடி சொன்னார். தம்பி திரும்பி வரவேயில்லை. அந்தக் கட்டடத்துச் சனம் முழுவதையும் நான் வெறுத்தேன். கணவர் வேலைக்குப் போனார், வந்தார், ஒருவரோடும் கதைக்கவில்லை.

சில வருடங்களில் அந்தத் தலைவர் பதவி விலகினார். நிறுவனம் நீதிமன்றத்துக்குச் சத்தியம் செய்து கொடுத்த பத்திரம் ஒன்றில் பிழையான தகவல் இருந்ததாம். தலைவர் என்பதால் பொறுப்பேற்றுப் போகிறார் என்று செய்தியில் சொன்னார்கள்.

அந்த வாரம் நாங்கள் ஏறிய லிஃப்டில் மேல்மாடிக்காரரும் நின்றார்.

“உங்கட பெரியவருக்கு வேலை போயிட்டுதாம், அண்ணை.”

“ஓம்” என்றார் கணவர். “ஆரோ எழுதின பிழைக்கு அவர் வேலையை விட்டார். என்ர தம்பியைத் திண்ட உங்கட கதைக்கு நீங்கள் ஆர் என்னத்தை விட்டனியள்?”

மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. மேல்மாடிக்காரரின் வீடு ஒன்பதாம் மாடியில். தலையைக் குனிந்தபடி அங்கேயே இறங்கிப் போனார்.