மஞ்சக் கடுதாசிக்காரன் கொண்டுபோன சீர்

மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டான் என்று ஊர் சொல்கிறதே, அந்தக் கடுதாசி மஞ்சளாக இருக்காது. வெள்ளைத் தாள்தான். கொடுத்தவன் நான், எனக்குத் தெரியும். கடனைக் கட்ட என்னால் முடியவில்லை, இருப்பதை எடுத்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டில் மனுப் போட்டேன். எனக்குப் பணம் கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நோட்டீஸ் போனது. பிரித்துப் படித்தவர்கள் கண்ணுக்கு அது மஞ்சளாகத் தெரிந்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அருப்புக்கோட்டையில் எனக்கு வத்தல் கமிஷன் கடை இருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் மிளகாய் வத்தலை மூட்டை கட்டிக் கொண்டுவந்து என் கிட்டங்கியில் போடுவார்கள். விலை ஏறினால் விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்வேன். வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் லோடு லோடாக வாங்கினார். முதலில் ரொக்கம், பிறகு பாதி ரொக்கம், பிறகு அடுத்த வாரம். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. சம்சாரிகளுக்குப் பதில் சொல்ல வட்டிக்கு வாங்கினேன், அந்த வட்டியைக் கட்ட இன்னொரு வட்டிக்கு வாங்கினேன். ஒருநாள் பார்ட்டியின் போன் அணைந்துபோனது. கடை போனது, வீடு போனது, வேன் போனது, மனைவியின் கழுத்தில் கிடந்ததும் போனது. பள்ளிக்கூடத்தில் பையனைக் கேலி செய்கிறார்கள் என்று அவனைக் கூட்டிக்கொண்டு மதுரையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள் மனைவி. சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம்.

நான் பாளையம்பட்டியில் ஒற்றை அறை ஒன்றுக்கு வந்தேன். பக்கத்தில் சிமென்ட் கடையில் லோடு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்கிற வேலை. முதலாளி நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் மதியம் சாப்பிடப் போகும்போது கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். எனக்கு முன்பு அங்கே இருந்த பையன் காலத்தில் கல்லா திறந்தே கிடக்குமாம். இதை எனக்குச் சொன்னவர் டீக்கடைக்காரர். கேட்காமலே சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. கடன்பட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனவன்மேல் ஊருக்கு இரக்கம் வந்துவிடும். பாவம், எங்கே கஷ்டப்படுகிறானோ என்பார்கள். செத்துப்போனவனை நல்லவன் என்றே சொல்லிவிடுவார்கள். சட்டப்படி இல்லை என்று சொல்லிவிட்டு அதே தெருவில் சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறானே, அவன்தான் திருடன். சட்டை இஸ்திரி போட்டிருந்தால் பெரிய திருடன். நான் இஸ்திரி போடுவதை விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குக் கால் கிலோ கறி வாங்கினேன். வாங்கிய பையை நான் வீடு சேர்க்கும் முன்பே செய்தி தங்கை ஊர்ப் பக்கம் பரளச்சி வரைக்கும் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்குப் பிறகு கறியையும் விட்டேன். கோபம் வரும். பிறவியிலேயே கோபக்காரன் நான். ஆனால் கோபப்படுவதற்கும் கொஞ்சம் யோக்கியதை வேண்டும், அதையும் கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

என்னிடம் ஏமாந்தவர்களில் ஒரே ஒருவர் மட்டும் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. பரளச்சிப் பக்கத்துச் சம்சாரி. என் தங்கையை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம், அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. தண்ணிக்குப் போர் போடுவதற்கென்று ரெண்டு வருஷத்து வத்தலை விற்காமல் என் கிட்டங்கியில் வைத்திருந்தவர். அவருடைய போர் என்னோடு போனது. நோட்டீஸ் கிடைத்த வாரத்தில் நேரே என் அறைக்கு வந்தார். அடிக்க வந்திருக்கிறார் என்றுதான் எழுந்து நின்றேன். அவர் அடுப்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், கொடியில் கிடந்த ரெண்டு சட்டையைப் பார்த்தார்.

"சாப்பிட்டீகளா அண்ணாச்சி?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். பிறகு ஊருக்குப் போய், மந்தைத் திடலில் என்னை ஏசிக்கொண்டிருந்தவர்களிடம், "நான் போயிப் பாத்துட்டேன். அவரு ஒளிக்கல. ஒளிக்கிறவன் வீடு அப்பிடி இருக்காது" என்று சொல்லியிருக்கிறார். தங்கை போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு டவுனுக்கு வருகிறபோதெல்லாம் பாளையம்பட்டியில் இறங்குவார். சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, மழை இல்லை, பருத்தி பூச்சியடித்துவிட்டது, கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போவார். பணத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. அந்த வருஷம் முழுக்க என்னைத் தேடி வந்த ஆள் அவர் ஒருவர்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் வருகிற பஸ் நேரத்துக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாசி பிறந்ததும் தங்கை வந்தாள். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு, தோளில் ஒரு பெரிய கட்டைப்பை.

"எதுக்குத்தா இம்புட்டுத் தூரம்? போன்ல சொல்லியிருக்கலாம்ல."

"காதுகுத்துக்கு அண்ணன போன்லயா அழைப்பாக?"

அவள் மகளுக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டையெடுத்துக் காது குத்த வேண்டும். அவளுக்கு நான் ஒரே அண்ணன், அந்தப் பிள்ளைக்கு வேறு மாமன் கிடையாது. தாய்மாமன் என்றால் மடி மட்டும் போதாது. மேளத்தோடு சீர் போக வேண்டும். தோடு, பட்டுப்பாவாடை, பழம், பலகாரம் எல்லாம் தட்டுத் தட்டாக ஊர் பார்க்கப் போக வேண்டும்.

அவள் கட்டைப்பையைப் பிரித்துப் பாயில் பரப்பினாள். சின்னப் பட்டுப்பாவாடை, மாப்பிள்ளைக்கு வேட்டி, அவளுக்கு ஒரு சேலை. கடைசியாக ஒரு சிவப்பு டப்பா. அதற்குள் தங்கத் தோடு. அவள் கையைப் பார்த்தேன். வலது கையில் எப்போதும் கிடக்கிற வளையல் இல்லை, கவரிங் கிடந்தது.

"இது நீ கொண்டு வார சீரு. யாருட்டயும் சொல்லிராத. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது."

"வேணாம்த்தா. வெறுங்கையோட வந்து மடியக் குடுத்துட்டுப் போறேன். பிச்சைக்காரன்னு சொல்லட்டும். அது உண்மைதான?"

"ஒன்னச் சொன்னா ஒனக்கு ஒருநாப் பேச்சுண்ணே. நான் அங்கன காலம்பூரா குடித்தனம் பண்ணணும்."

"கடன் குடுத்தவுக எல்லாம் அங்க உக்காந்திருப்பாக. வச்சிக்கிட்டுத்தான் இல்லைன்னான்னு ஆகிரும்."

"அதான் இப்பவே சொல்றாகளே."

"ஒருத்தர் சொல்லல."

யார் என்று அவளுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் கவரிங் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். "அவுகட்டயும் சொல்லக் கூடாதுண்ணே. அவுகளுக்குத் தெரிஞ்சா அவுக வீட்டுல தெரியும். அங்க தெரிஞ்சா எங்க அத்தைக்குத் தெரியும். வளையலு எங்கன்னு கேப்பாக. பிள்ளை மேல சத்தியம் பண்ணு."

அவள் என் கையை இழுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். எங்கள் அப்பா செத்தபோது அவளுக்கு விவரம் தெரியாத வயது. என் முதுகில் சாய்ந்துகொண்டுதான் தூங்குவாள். சத்தியம் செய்தேன்.

காதுகுத்து அவர்கள் குலதெய்வக் கோயிலில். கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு பீடமும் தகரக் கொட்டகையும், சுற்றிலும் கருவேல மரமும். வாடகைத் தட்டுகளில் சீரை அடுக்கி, மேலே ஜிகினாத் துணி போட்டு, ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். சீர்த்தட்டைத் தாய்மாமன் பக்கத்து ஆள்கள்தான் தூக்க வேண்டும். என் பக்கத்து ஆள் என்று ஒருவரும் இல்லை. வாழ்ந்து கெட்டவனுக்குச் சொந்தம் தூரத்தில் இருந்து கையெடுத்துக் கும்பிடும், கிட்டே வராது. மேளக்காரர்கள் என்னையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தங்கை தன் தெருப் பெண்களை அனுப்பினாள். அப்படியும் ஒரு தட்டு மிஞ்சியது.

பந்தல் பக்கம் இருந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் ஓடிவந்தார், அந்தச் சம்சாரி. நான் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"ஆளு இல்லைன்னா என்ன அண்ணாச்சி, நான் இல்லையா? குடுங்க இங்கிட்டு."

மிஞ்சிய தட்டை அவரே எடுத்தார். காட்டுக்காற்று பொல்லாதது. ஜிகினாத் துணி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. பட்டுப்பாவாடைமேல் சிவப்பு டப்பா திறந்திருந்தது, ஊர் பார்க்க வேண்டும் என்று தங்கைதான் திறந்து வைக்கச் சொல்லியிருந்தாள். அவர் தோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். பிள்ளை மேல் செய்த சத்தியம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். நான் தரையைப் பார்த்தேன். திருடன் அப்படித்தான் பார்ப்பான்.

அவர் தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். வைக்கவில்லை. துணியைச் சரியாக இழுத்து மூடி, கொட்டுச் சத்தத்துக்குப் பின்னால் கடைசி ஆளாக நடந்து, பீடத்துக்கு முன்னால் பக்குவமாக இறக்கி வைத்தார். மைக் பிடித்தவர், "தாய்மாமன் சீர், தங்கத் தோடு ஒரு ஜோடி" என்று காடெல்லாம் கேட்கச் சொன்னார். பந்தலுக்குள் யாரோ, "கோர்ட்டுல இல்லைன்னான், கோயில்ல இருக்குங்கான்" என்றார்கள். சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்.

பிள்ளையை மடியில் வைத்தார்கள். மொட்டையெடுத்துச் சந்தனம் பூசினார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் வீரிட்டு அழுது என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. நானும் அழுதேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாக" என்று தங்கையின் மாமியார் பெருமையாகச் சொன்னார். அந்தக் குடும்பத்தில் என்னைப் பற்றி யாரும் நல்லதாகச் சொல்லி ரொம்ப நாள் ஆகிவிட்டது. தங்கை முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

கிடா வெட்டிப் பந்தி போட்டார்கள். அந்தச் சம்சாரியைத் தேடினேன். முதல் பந்தியில் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. அவர் மனைவி இலையில் உட்கார்ந்திருந்தார்.

"அவுக எங்க?" என்று கேட்டேன்.

"தலைய வலிக்குன்னு அப்பவே காட்டுவழியாப் போயிட்டாக. ஒரு வாயி சாப்பிடுங்கன்னேன், வேணாம்னுட்டாக."

எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டில் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர்கள் உண்டு. சாப்பிடாமல் போனால் அது வேறு, உறவு அறுந்தது என்று அர்த்தம். நானும் இலையில் உட்கார்ந்தேன், உட்காராவிட்டால் தங்கைக்குக் குறை. கறியைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவர் பிறகு பாளையம்பட்டியில் இறங்கவில்லை. ஒருநாள் அருப்புக்கோட்டை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் கடைக்கு எதிரே நின்றது. நான் கையில் இருந்த சாக்கைப் போட்டுவிட்டு ரோட்டு வரைக்கும் வந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்ப்பதுபோலக்கூட இல்லை. பஸ் போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் தங்கை போன் செய்தாள். பின்னால் பிள்ளை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. காது ஆறிவிட்டதாம், தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து "மாமா தோடு" என்கிறதாம். ஊரில் இன்னும் சீரைப் பற்றித்தான் பேச்சாம்.

"ஒருத்தரு ஒரு குறை சொல்லலண்ணே" என்றாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷம். "வந்தவுக எல்லாம் வயிறாரச் சாப்பிட்டுத்தான் போனாக."

"ஆமாத்தா" என்றேன்.