தியாகதுருகம் வழியாகப் போகிறேன் என்று சொன்னது

போன வாரம் மெடிக்கல் ஷாப்பில் போரிக் பவுடர் கேட்டேன். வீட்டில் கரப்பான்பூச்சித் தொல்லை. கடைக்காரர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "கேரம் போர்டுக்கா?" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க" என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். அந்த வழவழப்பு நேராகக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துப் போய்விட்டது.

அப்போது அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் வாத்தியார். வாத்தியார் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. ரிப்பன் மாட்டுவேன், மெஷினுக்கு எண்ணெய் விடுவேன், பெண்பிள்ளைகள் பக்கம் பார்க்காமல் பாடம் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. சாவி என்னிடம். மெஷின்களை ஓரம் கட்டிவிட்டு நாலு பேர் உட்காருவோம். சைக்கிள் கடை சாதிக் பாய், மலைமேல் கரியாலூரிலிருந்து இறங்கி வந்து கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்த சடையன், கரும்பு போடுகிற குடும்பத்துக் கோவிந்தன், நான்.

நாலு பேருக்கும் நாலு ருசி. சடையனுக்கு ஆடுபுலி ஆட்டம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் புளியங்கொட்டையோடு உட்கார்ந்துவிடுவான். எப்போதும் ஆடுதான் ஆடுவான். ஏன் என்றால், "எங்க தாத்தா புலிய பாத்தவரு. நீங்க பாத்ததில்ல, அதான் புலியாவணும்னு நிக்கிறீங்க" என்பான். பாய்க்கு செஸ். எங்களில் யாருக்கும் அவரோடு மோதத் தெம்பில்லை. ஆகவே இரண்டு பக்கமும் அவரே ஆடி, அவரையே திட்டிக்கொள்வார். எனக்குத் தாயம். இதைச் சொல்ல அப்போது வெட்கமாக இருந்தது, படித்தவன் ஆடுகிற ஆட்டமா அது? ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு மார்க்குக்கும் முட்டி மோதியவனுக்கு, உழைக்காமல் ஒரு தாயம் விழுவதில் இருக்கிற சுகம் வேறு எதிலும் கிடையாது.

கடைசியில் எல்லா வாரமும் கேரம்தான், கோவிந்தன் பிடிவாதத்தால். கேரமில் எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. இரண்டு வருஷம் அவனும் நானும் ஜோடி. அவன் ஆட்டமே தனி. தன் காயினைப் போட அவசரப்பட மாட்டான். எதிராளி போடப் பார்க்கிற குழி வாயில் அதைக் கொண்டுபோய் நிறுத்தி, வழியை அடைத்துவிட்டுச் சும்மா இருப்பான். பாய் பல்லைக் கடிப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் வந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். பஸ் நின்றது. மறியல் செய்தவர்கள் கோவிந்தனின் சாதி ஆட்கள். நான் காலனிக்காரன். கோரிக்கையில் நியாயம் இல்லை என்று நான் நினைக்கவில்லை; ஒதுக்கீட்டில் படித்து வந்தவன் அதை எப்படி நினைப்பேன்? ஆனால் நியாயம் வேறு, பயம் வேறு. ஞாயிறு ஆட்டத்தின்போது இன்ஸ்டிடியூட் கதவுக்கு முதல்முறையாகத் தாழ்ப்பாள் போட்டோம். யாராவது படியேறினால் பேச்சை நிறுத்தினோம். "காலனில இன்னா பேசிக்கிறாங்க?" என்று கோவிந்தன் கேட்டான். "ஒண்ணும் பேசல" என்றேன். அவன் வேட்டியில் மரத்தூள் ஒட்டியிருந்தது. வண்டிப்பட்டறைக்குப் போய் வந்தானோ என்னவோ. நான் அப்படி நினைக்கத் தயாராக இல்லை. அவன் ஆட்டம்கூட அப்போது வேறு மாதிரி தெரிந்தது. குழி வாயில் காயினை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிறவன் எதற்குத்தான் துணிய மாட்டான்? இரண்டு வருஷம் பெருமைப்பட்டவனும் நான்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குத் திருக்கோவிலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தக் கடிதத்தை நான் படித்துச் சொன்னது அப்பாவுக்குப் போதவில்லை. ஏழெட்டுப் பேரிடம் கொடுத்து, ஒவ்வொருவர் வாயாலும் கேட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணி. பஸ் இல்லை. பாய் சைக்கிள் தருவதாகச் சொன்னார்.

ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் கோவிந்தன் கேட்டான்.

"எந்த வழியா போற?"

"தியாகதுருகம் வழியா."

"எத்தினி மணிக்கு?"

"ஏன்டா?"

"சும்மாதான் கேக்கறேன்."

"அஞ்சு மணிக்குக் கெளம்பிடுவேன்."

"இன்னா சைக்கிளு பாய் குடுக்கறீங்க?"

"பச்ச சைக்கிளு. பிரேக் புதுசா போட்டுக்கறேன்" என்றார் பாய்.

மூன்று கேள்வி. எதற்கு இவனுக்கு இத்தனை விவரம்? அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. நாலு மணிக்கே எழுந்து, தியாகதுருகம் பக்கமே திரும்பாமல், சங்கராபுரம் போய் மணலூர்பேட்டை வழியாக மிதித்தேன். சுற்றுதான். ஆனால் என் சொந்த ஊர்ப் பக்கம். கோவிந்தனுக்குத் தெரியாத வழி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மணலூர்பேட்டை தாண்டி மரம் கிடந்தது. ஏழெட்டுப் பேர். "எங்கப்பா?"

"திருக்கோவிலூருங்க. இன்டர்வியூ."

"இன்னிக்கு எவனுக்கும் இன்டர்வியூ கெடையாது. குந்து."

சைக்கிள் வால்வைப் பிடுங்கினார்கள். ஒருவன் என் பையிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து நிதானமாகப் படித்தான். "டைப்ரைட்டிங் ஹையரு. நல்லா படிச்சிக்கிறான்பா" என்று மரியாதையாக மடங்காமல் திருப்பிக் கொடுத்தான். போக மட்டும் விடவில்லை. இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரமும், கோவிந்தன் இந்த வழிக்கும் ஆள் சொல்லி வைத்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். அப்படித்தான் நினைத்தேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுநாள் பாய் கடைக்குப் போனால் அவர் பாய்ந்தார். "எங்கடா போன நீ? கோவிந்தன் விடியறதுக்கு முன்னாடியே தியாகதுருகம் ரோட்ல போயி குந்திக்கினு இருந்தானாம். பச்ச சைக்கிள்ல ஒருத்தன் வருவான், என் ஆளு, உட்ருங்கன்னு அங்க இருந்தவன் கிட்டல்லாம் சொல்லி வெச்சிக்கினு. எட்டு மணிக்கு போலீசு வந்துது. மத்தவன்லாம் கரும்புல பூந்து ஓடிட்டானுங்க. இவன் நீ வருவன்னு ரோட்டையே பாத்துக்கினு நின்னுக்கிறான்."

கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று வாரம் உள்ளே இருந்தான். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, எலும்பும் தோலுமாக என் எதிரில் உட்கார்ந்தான்.

"இன்டர்வியூ இன்னா ஆச்சி?"

"போவலடா. ஜுரம்."

"சரி வுடு. ஒடம்புதான் முக்கியம்" என்றான்.

பாய் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்ட்ரைக்கரைத் துடைத்தார். வால்வு இல்லாத சைக்கிளைத் திரும்ப வாங்கிக்கொண்டவர் அவர். அதற்குப் பிறகும் சைக்கிள் கொடுத்தார். எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அப்புறம் எனக்கு வேறு ஊரில் வேறு வேலை கிடைத்தது. சடையன் மலைக்கே மாற்றிக்கொண்டு போனான். இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது துணிக்கடை குடோன். தியாகதுருகம் ரோட்டில் நிழலே இல்லை. கோவிந்தன் மட்டும் அந்த மறியல் கேஸுக்காகப் பல வருஷம் வாய்தாவுக்கு அலைந்தான்.

சென்ற பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். அப்பாவை விசாரித்தான். கரும்பு வெட்ட ஆள் கிடைக்காததைச் சொன்னான். நான் பல வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்ல, "அன்னிக்கு எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஜுரம் இல்ல, தெரியும்" என்றான். "மணலூர்பேட்டைல உன்ன குந்த வெச்சவன் எங்க அத்த பையன். அவனும் கடலூர்லதான் இருந்தான். டைப்ரைட்டிங் ஹையருன்னு சொன்னான்."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சிக்கினு ஏன்டா கேட்ட?"

"நீ சொல்லுவியான்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டான்.

நான் உண்மையைச் சொல்வேன் என்று எதிர்பார்த்து ஒரு கேள்வி கேட்க, அந்த ஊரில் இப்போது எனக்கு ஆள் இல்லை.