பஞ்சாங்கத்துக்குள் இலைகள்

இன்று காலை கோயிலில் வாழையிலைத் துண்டில் சந்தனம் வாங்கினேன். அந்த மணத்தோடு ஸ்ரீவராகத்தில் நாங்கள் குடியிருந்த வீடும் பெரியப்பாவும் நினைவில் வந்துவிட்டார்கள்.

எல்லாரும் ஸ்டாம்பு சேர்த்தபோது பெரியப்பா கோயில் கோயிலாகப் போய் இந்த இலைத் துண்டுகளைச் சேர்த்தார். பழைய பஞ்சாங்கம் ஒன்றில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, கோயில் பேரை எழுதுவார். "கண்ணை மூடிண்டு மோந்து பாருடி, எந்தக் கோயில் சொல்லு" என்பார். "குப்பைக்குப் போற இலைக்கு இத்தனை உபசாரமா?" என்று அம்மா சிரிப்பாள்.

எனக்குப் பத்து வயது. கர்க்கடக மாசத்து அடைமழையில் விறகு நனைந்து வெந்நீர் அடுப்பு பிடிக்கவில்லை. பழசுதானே என்று கைக்கு எட்டிய பஞ்சாங்கத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அடுப்பில் திணித்தேன். புகையில் சந்தனம் மணந்த பிறகுதான் புரிந்தது.

அந்த வெந்நீரில் குளித்துவிட்டு வந்த பெரியப்பா, "குளிமுறியெல்லாம் சந்தன வாசனை, கேட்டியா. பகவான் கிருபை" என்று கைகூப்பினார். பிறகு பஞ்சாங்கத்தைப் பரணெல்லாம் தேடிவிட்டு, "கரையான் அரிச்சிருக்கும்" என்றார். நான் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டப் போனேன்.

அதன் பிறகு அவர் இருபது வருஷம் எங்களோடு இருந்தார். சொல்ல எத்தனையோ காலைகள் இருந்தன.

சந்தனத்தை இட்டுக்கொண்டேன். இலையை எறிய மனசு வராமல் முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தேன்.