மரக்காலை முதலாளிக்குத் தைத்த வெள்ளைச் சட்டை

என் அப்பாவைப் போல ரோஷம் கெட்ட மனிதர் எங்கள் ஊரான பலாபத்வலயில் இன்னொருவர் இருக்க முடியாது என்று பத்து வயதில் நான் தீர்மானித்தேன். காரணம், பக்கத்து வீட்டு வீடியோவில் பார்த்த ஒரு படம். குதிரைக்குப் பதிலாக ஜீப்பில் திரியும் ஒரு கிழட்டுக் கௌபாய், தம்பியைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சுடுவான். அண்ணன் என்றால் அவனல்லவா அண்ணன்!

என் அப்பாவுக்கும் ஒரு தம்பி இருந்தார். சைக்கிள் கடை வைத்திருந்த அந்தச் சித்தப்பாவை எண்பத்துமூன்றாம் வருஷக் கலவரத்தில் கடையோடு வைத்து எரித்தார்கள். கும்பலுக்குக் கடையைக் காட்டிக்கொடுத்தவர், மரம் அறுத்து விற்கும் மரக்காலையின் முதலாளி என்பது ஊருக்கே தெரியும். ஆறு வருஷமாக அவரைக் கண்டால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு போவார். குனிய வேண்டியவர் யார்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படம் பார்த்த மறு வாரம் அந்த முதலாளியே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கடைகளைத் திறக்கக் கூடாது என்று அரசாங்கத்தை எதிர்த்த சிங்களப் பையன்கள் யாரோ நோட்டீஸ் ஒட்டியிருந்ததால் ஊரில் ஒரு தையல் கடையும் திறந்திருக்கவில்லை. தையல் வேலை செய்யும் அப்பாவின் மெஷின் வீட்டிலேயே இருந்தது. முதலாளியின் கையில் வெள்ளைத் துணியும், அளவுக்கு மகனுடைய பழைய ஸ்கூல் சட்டையும் இருந்தன. எப்போதும் எங்களைச் சிங்களம் பேசவைப்பவர், அன்றைக்குத் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினார். காரியம் ஆகவேண்டுமென்றால் பாஷை தானாக வரும் போலிருக்கிறது.

“உக்காருங்க முதலாளி. பின்னேரத்துக்குள்ள தச்சிக் குடுத்துர்றேன்” என்றார் அப்பா. அதோடு விட்டாரா? அம்மாவிடம் பிளேன்டீ வேறு போடச் சொன்னார்.

ஊசியில் நூல் கோப்பது என் வேலை.

“இந்தாளுக்கா? நான் கோக்க மாட்டேன். சித்தப்பாவ மறந்துட்டீங்களா?” என்று கத்தினேன்.

அப்பா அடிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தானே கோத்தார். முதலாளி பிளேன்டீயைத் தொடாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

சட்டை முடிந்தபோது அவர் எழுந்து வாசலுக்குப் போயிருந்தார். அப்பா பெரிய கத்தரிக்கோலை எடுத்து, புதுச் சட்டையின் முதுகைக் கழுத்திலிருந்து அடிவரை நேராக வெட்டினார். வெட்டு தெரியாமல் மடித்து, தாளில் சுற்றி, இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டினார். என்ன நடிப்பு!

நான் அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினேன். “அம்மா, அப்பா பழிவாங்கிட்டாரு! சட்டைய வெட்டித்தான் குடுத்திருக்காரு!”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில்தான் என்று நினைத்தேன். அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் திரிந்தேன்.

முதலாளியின் மகனை முதல்நாள் சுட்டு ரோட்டோரம் போட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. விறைத்துப்போன கைகளை நுழைக்க முதுகு பிளந்த சட்டைதான் வேண்டும் என்பதும் தெரியாது. தன் தம்பிக்கு அப்படியொரு சட்டை தைத்துப்போட அப்பாவுக்கு ஓர் உடம்புகூட மிஞ்சவில்லை என்பதும்தான்.