வையம்பட்டியிலிருந்து வந்த கோடி

அக்கா பிறந்த ஊர் வையம்பட்டி. இந்த ஒரு வரியை என் எழுபத்து மூன்றாம் வயதில், அக்காவின் உடலுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன். பதினாறு நாள் ஆகியும் அதிர்ச்சி அடங்கவில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். சிறு வயதில் உறவுக் கல்யாணங்களில் இருவரும் பந்தி வாசலில் உட்கார்ந்துகொள்வோம். வருகிறவர் என்ன உறவு என்று நான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஒரு கற்கண்டு அக்காவுக்கு. பாலக்கரையில் சின்ன மாமா கல்யாணத்தில் நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு சரியாகச் சொன்னேன். அந்த விளையாட்டுதான் பின்னாளில் மூன்று நோட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர் கொண்ட வம்சாவளியாக வளர்ந்தது. அக்கா அதை இரண்டு முறை படித்துப் பதினொரு பிழைகளைத் திருத்தினார். தம் பெயருக்கு மேல் தாய் என்று நான் எழுதியிருந்ததை மட்டும் தொடவில்லை.

பத்தொன்பது வயதில் அரியமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டார். நாற்பத்தொன்றில் அத்தானை இழந்தார். அவருடைய லேத் பட்டறையை மூடாமல் நடத்தி இரண்டு மகன்களைப் படிக்கவைத்தார். கடைசி நான்கு வருடம் ஸ்ரீரங்கத்தில் மூத்த மகன் வீட்டில் இருந்தார். ஒன்பது நாள் காய்ச்சல். பத்தாம் நாள் அக்கா இல்லை.

அன்று கோடிப் புடவைகளை வாங்கி எண்ணி வைக்கும் பொறுப்பு என்னுடையது. பிறந்த வீட்டுக் கோடியை நான் போட்டேன். தாய்மாமன் வீட்டுக் கோடியைப் பாலக்கரை மாமா மகன்கள் போட்டார்கள். ஐந்தாவதாக ஒரு பெரியவர் பையோடு வந்தார். தாய்மாமன் வீட்டுக் கோடி என்றார். அது வந்தாயிற்று, நீங்கள் வீடு மாறி வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று வாசலிலேயே நிறுத்தினேன்.

“வந்தது உங்க தாய்மாமன் வீட்டுக் கோடிங்க,” என்றார் அவர் மெதுவாக. “அவங்க தாய்மாமன் வீடு வையம்பட்டி. எங்க அத்தை இவங்களைப் பெத்த பன்னெண்டாம் நாளே போய்ச் சேர்ந்துட்டாங்க.”

அதன் பிறகுதான் அப்பா என் அம்மாவைக் கட்டியிருக்கிறார். உறவில் பெரியவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தேன். அவருக்குச் சொல்லி அனுப்பிய அக்காவின் மூத்த மகன் தலை குனிந்து நின்றான்.

“உனக்குத் தெரியுமாடா?”

“தெரியும் மாமா. அம்மாதான் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. ‘உங்க மாமன் எதையும் எண்ணிப் பிரிக்கிறவன். தெரிஞ்சா என்னைத் தனிக் கிளையில எழுதிடுவான்’னாங்க.”

எழுதியிருப்பேன். என் நோட்டில் அதுதான் முறை. தாய் வேறானால் கோடு போட்டு, ‘மூத்தாள் மக்கள்’ என்று தனிக் கிளை. ஏழு வீடுகளை அப்படிப் பிரித்திருக்கிறேன். அந்த ஏழையும் அக்கா படித்திருக்கிறார். அம்மா ஒரு நாளும் எங்களுக்குள் வித்தியாசம் காட்டியதில்லை. காட்டக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று அக்கா நினைத்திருக்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

மருத்துவமனையில் முறை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்ட இரண்டு மருமகள்களுக்கும், தோள் கொடுத்த பட்டறைத் தொழிலாளர் ஆறு பேருக்கும், வந்திருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வையம்பட்டிக்காரரை இருபது நிமிடம் வாசலில் நிற்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அவர் கொண்டுவந்த புடவைதான் அக்காவின் மேல் கடைசியாகப் போர்த்தப்பட்டது.

இந்த நினைவு மலரின் பின்பக்கத்தில் வம்சாவளி அச்சாகியிருக்கிறது. ஏழு கோடுகளையும் அழித்துவிட்டேன். அந்த ஏழு வீட்டாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு மேலே தாய் இருவர் பெயரும் இருக்கின்றன. கீழே, அதே கிளையில், தம்பி என்று நான்.