கண்ணை மூடினால் இறங்கும் பிரஸ்

போன வருஷம் ஆடி மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்தில் நடந்தது இது. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவன். தோலை விரித்து, அதன்மேல் டை என்கிற இரும்பு அச்சை வைத்து, பிரஸ்ஸை இறக்கினால் ஷூவுக்கு வேண்டிய துண்டு அச்சாக வெட்டுப்பட்டு வரும். தோலை வீணாக்காமல் வெட்டுவதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அந்த மிஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நாங்கள் விடுவோமா? டார்கெட் முடிய வேண்டுமே என்று இடது பட்டனில் தோல் துண்டைச் செருகி அமுக்கிவிட்டு, வலது கையால் மட்டும் ஓட்டுவோம். செக்‌ஷனில் பாதிப் பேர் அப்படித்தான். ஒருநாள் டை லேசாக நகர்ந்தது. இடது கையால் அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே வலது கை பழக்கதோஷத்தில் பட்டனை அழுத்திவிட்டது. நடுவிரல் நுனி நசுங்கியது. மீதிக் கை தப்பியது கடவுள் செயல்.

எலும்பு கூடிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மிஷின் பக்கம் போனாலே இடது கை விறைத்துக்கொண்டது. பிரஸ் இறங்குகிற தடக் சத்தம் கேட்டால் வியர்த்துக் கொட்டும். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். திங்கட்கிழமை வரை பார்ப்போம், முடியாவிட்டால் பேக்கிங்குக்குப் போய்விடு என்றார். பேக்கிங் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் வயசெல்லாம் கட்டராக இருந்தவனைப் பெட்டி ஒட்டச் சொன்னால் வலிக்காதா?

என் மனைவியோடு படித்த பெண் ஒருத்தி குடியாத்தத்தில் ஹீலிங் செய்கிறாள், உடம்பைச் சுற்றியிருக்கிற ஒளிவட்டத்தைச் சரிசெய்து குணப்படுத்துவது. எனக்கு இந்த ஒளி, வட்டம் எல்லாம் ஆகவே ஆகாது. வரமாட்டேன் என்றேன்.

"கைதான வேலைக்கு ஆகல? காலு நல்லாத்தான இருக்கு? பஸ் ஏறு" என்றாள் மனைவி.

ஏறினேன். போய்ப் பார்த்தால், அந்தப் பெண் வீட்டுக்கு இரண்டு பக்கமும் லுங்கி நெய்கிற பவர்லூம் தறி. தடக் தடக் என்று ஓயாத சத்தம். ஒவ்வொரு அடிக்கும் என் தோள் தூக்கிப் போட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

உடம்பைச் சுற்றி அடுக்கடுக்காகச் சக்தி இருக்கிறது, அதில் மூன்றாவதுதான் மன அடுக்கு, அது தலையையும் தோளையும் சுற்றி மஞ்சளாக இருக்கும் என்று அவள் சொன்னாள். ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வந்தால் அங்கே உருவமாக நின்றுவிடுமாம். என்னைத் தொடாமல் தலையைச் சுற்றிக் கையை நகர்த்தினாள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இடது தோளுக்கு மேலே கை நின்றது. என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

பிரஸ் இறங்குகிறது, என் கை கீழே இருக்கிறது என்றேன். மனைவியிடம்கூட அதுவரை நான் அதைச் சொன்னதில்லை.

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மிஷினை எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டாள். இரண்டு பட்டன் கணக்கை விளக்கினேன்.

"ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா கீழ எந்தக் கை இருக்கும் அண்ணா?"

விரலே நசுங்கியும் எனக்கு உறைக்காத விஷயம் அது.

"அந்த நெனப்ப தொரத்த முடியாதுண்ணா. அந்த எடத்துல வேற நெனப்ப வெக்கலாம்" என்றாள்.

கண்ணை மூடி, இரண்டு கையையும் பட்டன்மேல் வைப்பதாக நினைத்து பிரஸ்ஸை இறக்கச் சொன்னாள். முதலில் கை கீழேயே போய் மாட்டிக்கொண்டது. மறுபடி, மறுபடி. பக்கத்து வீட்டுத் தறி தடக் என்னும்போதெல்லாம் காற்றிலேயே இரண்டு கையாலும் அழுத்தினேன். பைத்தியக்காரன் போலத்தான் இருந்திருப்பேன். எவ்வளவு நேரமோ தெரியாது, என் மனைவி மெதுவாக என் தோளைத் தொட்டு, தறி ஓடிக்கொண்டே இருக்கிறது, உன் தோள் தூக்கிப் போடவில்லை பார் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை மிஷின் முன்னால் போய் நின்றேன். முதலில் இடது பட்டனில் செருகியிருந்த தோல் துண்டைப் பிடுங்கி எறிந்தேன். இரண்டு கையாலும் அழுத்தினேன். துண்டு சுத்தமாக வெட்டுப்பட்டு வந்தது. சூப்பர்வைசர் அடுத்த தோலை எடுத்து என் முன்னால் போட்டார். பக்கத்து மிஷின்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ குடித்துவிட்டு வந்ததும் அவனும் தன் பட்டனிலிருந்த துண்டை உருவினான். இப்போது ஒரு நாளில் நான் வெட்டுகிற துண்டு முன்னைவிடக் கம்மிதான், ஆனாலும் டார்கெட் எப்படியோ முடிகிறது.

என் தலையைச் சுற்றி மஞ்சள் அடுக்கு ஒன்று இருக்கிறதா என்று சத்தியமாக எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் இன்றைக்கும் கண்ணை மூடினால் பிரஸ் இறங்குகிறது, என் இரண்டு கையும் வெளியே இருக்கிறது.