ராஜகீழ்ப்பாக்கம் பேய் அறையும் அதன் நான்கு எண் பூட்டும்

2009 மழைக்காலம். ஏழாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மனைவி ரேவதி பேச்சையே குறைத்துக்கொண்டாள். பூட்டிய பேய் அறையிலிருந்து தப்பிக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளிலேயே பொழுதைக் கழித்தாள். அதேபோல நிஜ அறை ஒன்றை, வேலை போன இன்ஜினீயர் ஒருவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு காலி வீட்டில் அமைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். "போலாமா?" என்றேன். தலையாட்டினாள்.

நாங்கள் குடியிருந்த கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம், அங்கே தாம்பரம் பஸ்ஸுக்கு மாற வேண்டும். மொத்தம் பத்து கிலோமீட்டர் சொச்சம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கே வானம் இருண்டிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். மீட்டர் என்ற பேச்சே கிடையாது.

"பேய் வூடா சார்? நேத்து ஒருத்தரு அலறிகினு ஓடியாந்தாரு. அக்காவ ஏன் சார் இட்டுகினு போறீங்க?" என்றார் ஓட்டுநர்.

இன்ஜினீயர் தலைக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே கும்மிருட்டு. எங்கிருந்தோ தாலாட்டுச் சத்தம். கதவில் நான்கு எண் பூட்டு. கட்டிலுக்கு அடியில் ஒட்டியிருந்த டார்ச்சை ரேவதிதான் கண்டுபிடித்தாள். சுவரில் ஒரே பெண்ணின் வெவ்வேறு வயதுப் போட்டோக்கள் மூன்று தலைகீழாகத் தொங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் எண்.

"சின்ன வயசுலேர்ந்து வரிசையா பாருங்க," என்றாள்.

நான்காவது எண்ணைத் தேடி டார்ச்சைத் திருப்பினேன். மூலையில் ஒரு சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம் ரேவதி, கதவத் தட்டி வெளிய போயிடலாம்."

அவள் தொட்டிலுக்குள் கைவிட்டு, சிவப்புச் சாயம் பூசிய பொம்மையை எடுத்தாள். கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத்தான் தூக்கினாள். பொம்மையின் உள்ளங்காலில் மூன்று என்று எழுதியிருந்தது. நான்கு எண்களையும் வரிசையாகத் திருப்பி வைத்தேன், பூட்டு திறந்துகொண்டது. அவள் நகரவில்லை.

"இருங்க, படுக்க வெச்சுட்டு வரேன்."

பஸ் நிறுத்தத்தில் தூறல். திடீரென்று கேட்டாள்: "நம்ம பொண்ண நீங்க பார்த்தீங்கல்ல? எனக்கு யாருமே காட்டல."

"பார்த்தேன்."

"யாரு ஜாடை?"

"உன் ஜாடைதான். நெத்தி, மூக்கு எல்லாம். தலை நிறைய முடி."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் அங்கேயே வாய்விட்டு அழுதாள். நானும்தான்.

போக நினைப்பவர்களுக்கு: நுழைந்ததும் பூட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். முதலில் எல்லாவற்றின் அடியிலும் பின்னாலும் பாருங்கள். கிடைத்ததை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். சத்தங்களுக்குப் பயப்படாதீர்கள், எல்லாம் டேப் ரெக்கார்டர். உள்ளே என்ன கதை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளை அழைத்துப் போயிருக்க மாட்டேன். திரும்புவதற்கு பஸ் அடிக்கடி உண்டு. நாங்கள்தான் வந்ததையெல்லாம் விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தோம்.